ஜெனோவாவின் துவையல்

மாலையில் நண்பர் நால்வர் முன்னறிவிப்பின்றி வந்துவிட்டால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க இயலுமா? இத்தாலியிலுள்ள ஜெனோவா நகரத்தார் இதற்கொரு வழி கண்டிருக்கின்றனர். ‘பெஸ்டோ’ என்பது அதன் பெயர். இடித்தல் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது. நம் துவையலும் அவ்வாறு பிறந்ததேயன்றோ!

சலவைக்கல் உரலில் பூண்டையும் கல்லுப்பையும் நசுக்கி, பைன் கொட்டை, பேசில் இலை, பார்மசான் பாலாடைக்கட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து மரக்குழவியால் அரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு இளக்குவர். இதனை அடுப்பிலேற்றலாகாது; சூடு பட்டால் இலை கறுத்து மணம் கெடும். பாஸ்தாவை வடித்த நீரில் இரண்டு கரண்டி சேர்த்துக் கலந்தாற் போதும். மிஞ்சியதை ரொட்டித் துண்டில் தோய்த்துண்ணலாம்.

‘பேசில்’ என்பதை ஒருமுறை நான் ‘துளசி’ என்று மொழிபெயர்த்துவிட்டேன். மொழிபெயர்ப்பே என் பிழைப்பு! என் சொல்லை நம்பிய மகள், மாடத்துத் துளசியைப் பறித்து அரைத்தாள். கிராம்பை மென்றாற்போன்ற காரம். விருந்தினர் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. என் தாயாரோ மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. பிறகுதான் தாவர நூலைப் புரட்டினேன். உரிய பெயர் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை தரும் செடி அதுவே. இப்பொழுது எங்கள் சன்னலோரத் தொட்டியில், துளசி மாடத்துக்குச் சற்றுத் தள்ளியே, வளர்ந்து வருகிறது.