காலால் நடந்து காணும் மலை

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலானவற்றுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போதல் என்பதே பொருள். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கும், மாட்டுங்காவிலிருந்து தஞ்சைக்கும் பாலக்காட்டுக்கும், செம்பூரிலிருந்து சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஆண்டுக்கொரு முறை செல்லும் அப்பயணத்துக்காகவே பதினொரு மாதங்கள் பணம் சேர்க்கப்படுகிறது. அது நியாயமானதே. கோயில் கொடையும் காதுகுத்தும் கல்யாணமும் அங்கேதான் நடைபெறுகின்றன. பாட்டனும் பாட்டியும் அங்கேதான் இருக்கின்றனர். ஆனால் இதனால் ஒரு குறையும் நேர்ந்துவிடுகிறது. இந்நகரிலேயே பிறந்து, தெருவில் மராத்தியும் இந்தியும் பேசி வளரும் நம் குழந்தைகளுக்குத் தாம் வாழும் மராட்டிய நாட்டின் மலையும் காடும் எத்தகையன என்பது தெரியாமலே போய்விடுகிறது. ஊருக்குச் செல்லும் ரயில், கர்ஜத்தைத் தாண்டி மலைத்தொடரில் ஏறும்போது சன்னல் வழியே தோன்றி மறையும் காட்சிதான் அவர்கள் அறிந்த மலை.

அந்த ரயில் கர்ஜத்தை அடைவதற்குச் சற்று முன்னர் நேரள் என்னும் நிலையத்தைக் கடக்கிறது. அவ்விடத்தில் வலப்புறச் சன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தால், கோட்டைச் சுவர் போல ஒரு மலைவிளிம்பு தெரியும். அதன் மேல் இருப்பது மாதேரான். கடல் மட்டத்துக்குச் சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் அது. மராத்தியில் 'மாதா' என்றால் தலை, 'ரான்' என்றால் காடு. தலைக்காடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அதன் அடிவாரத்தைக் கடந்து செல்லும் நம்மவருள் மேலே ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்?

மலைநகரம் என்பது பணமுடையார்க்கு உரியது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. உதகையிலும் கொடைக்கானலிலும் வண்டி அமர்த்தாமல் இடங்களைப் பார்ப்பது எளிதன்று. அங்கே வாகன நெருக்கம் மிகுந்துபோனதால், 2024 மே மாதம் முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையே கொண்டுவரப்பட்டது. மாதேரானின் நிலை வேறு. நோயாளரை ஏற்றும் ஊர்தி போன்ற சிலவற்றைத் தவிர, மோட்டார் வாகனம் எதுவும் ஊருக்குள் நுழையக்கூடாது. மலைச்சாலை தஸ்தூரி என்னுமிடத்தில் முடிந்துவிடுகிறது. காரில் வந்த செல்வரும் பங்கு டாக்ஸியில் வந்த தொழிலாளியும் அங்கே இறங்கி ஒரே செம்மண் பாதையில்தான் செல்ல வேண்டும். மைய அரசு 2003-ஆம் ஆண்டில் இம்மலையையும் சுற்றுப்புறத்தையும் சூழலியல் கூருணர்வு மண்டலமாக அறிவித்து, அந்த ஏற்பாட்டுக்கு மேலும் காவல் செய்தது.

இதன் அருமையைத் தாராவித் தாய்மார்களே நன்கு உணர்வர். தொண்ணூறு அடிச் சாலையைக் கடக்கும்போது குழந்தையின் மணிக்கட்டை எவ்வளவு இறுகப் பற்றவேண்டியிருக்கிறது! சந்துக்குள் வந்த பின்னரும் கைவண்டியும் ஸ்கூட்டரும் விடுவதில்லை. பிறந்தது முதல் பிறர் கையிலேயே நடந்து பழகிய ஒரு குழந்தை, மரநிழற் பாதையில் ஒரு பர்லாங்கு தூரம் தனியே ஓடித் திரும்பிவரலாம் என்பது சிறு செய்தியன்று. அதற்குக் கட்டணமும் இல்லை.

இம்மலையைத் தாணே மாவட்டக் கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் என்பவர் 1850-இல் கண்டுபிடித்தார் என்று ஏடுகள் கூறும். தாக்கூர், கத்கரி முதலிய மலைக்குடியினர் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்க, 'கண்டுபிடித்தார்' என்பது சற்றே மிகையான சொல். கோடையின் வெப்பத்துக்கு அஞ்சிய பம்பாய் வெள்ளையருக்கு அவர் ஓர் இடம் காட்டினார் என்பதே சரி. அவர்கள் வந்து காட்சி முனைகளுக்கெல்லாம் தங்கள் பெயர்களைச் சூட்டிச் சென்றனர். லூயிசா, அலெக்சாண்டர், சார்லட் என இன்றும் அப்பெயர்களே வழங்குகின்றன.

மலைமேல் ரயில் அமைத்தவர்கள் வெள்ளையர் அல்லர். பம்பாய்ச் செல்வர் ஆதம்ஜீ பீர்பாயின் குடும்பத்தார் தங்கள் பொருளைச் செலவிட்டு அமைத்த அச்சிறு ரயில் 1907-இல் ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் இரண்டே அடி. நேரளிலிருந்து தூரம் சுமார் 21 கிலோமீட்டர். நீலகிரி ரயிலை அறிந்தோர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரயில், பாதையின் நடுவே பதித்த பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறுகிறது. மாதேரான் ரயிலுக்கு அத்தகைய பல் கிடையாது. ஆதலால் அது பாம்பு போல் வளைந்து வளைந்து, மலையைச் சமாதானம் செய்துகொண்டே மேலேறுகிறது. 2005 ஜூலைப் பெருமழையும் 2019-ஆம் ஆண்டின் மழையும் அப்பாதையை அரித்துச் சென்றன. இரு முறையும் நெடுநாள் பழுது பார்த்தே வண்டி விடப்பட்டது.

இனிச் செலவைப் பற்றிக் கூறவேண்டும். முழுதும் இலவசம் என்று சொல்லி யாரையும் ஏமாற்றுவதற்கில்லை. மாட்டுங்கா, சயான் பகுதியினர் மத்திய ரயில்வேயின் கர்ஜத் லோக்கலிலும், செம்பூர்வாசிகள் குர்லாவில் மாறியும் நேரளுக்கு வரலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டா. நேரளிலிருந்து தஸ்தூரி வரை பங்கு டாக்ஸிக் கட்டணமும், நுழைவிடத்தில் நகராட்சி வசூலிக்கும் வரியும் உண்டு. அதற்கப்பால் கைப்பணம் செலவாவது நம் விருப்பத்தைப் பொறுத்தது. குதிரைக்காரர் அணுகுவர், வேண்டா என்று பணிவாகச் சொன்னால் போதும். குழந்தைகள் சிறு ரயிலுக்கு ஏங்கினால், தஸ்தூரியை அடுத்துள்ள அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து ஊர் வரை ஒரு வழி மட்டும் ஏற்றிச் செல்லலாம். நேரளிலிருந்தே அதில் ஏறிவிடலாம் என்று நம்பிச் சென்று, இடமின்றித் திரும்பும் குடும்பங்கள் மிகப் பல.

நடப்பவர்க்கு அமன் லாட்ஜிலிருந்து கடைவீதி ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். அந்த நடையே பாதி மாதேரான். கிளைகள் மேலே பின்னிக்கொண்டிருப்பதால் நண்பகலிலும் வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். காலடியில் இருப்பது நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் வீடு கட்டும் செம்பூராங்கல்; அது தேய்ந்து பொடியான செந்நிறத் தூள்.

காட்சி முனைகள் முப்பதுக்கு மேற்பட்டவை என்பர். அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டுமென்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடுவது அறியாமை. தென்மேற்குப் பக்கத்தில் அருகருகே உள்ள சிலவே போதும். எதிரொலி முனையில் நின்று கூவினால் எதிர்மலை திருப்பிக் கூவும். அங்கே ஒரு தடவை கூவிய சிறுவனை அகற்றுவதற்கு அரை மணியாகும். மராத்தியில் கூவினாலும் தமிழில் கூவினாலும் மலை அவ்வண்ணமே விடை தருகிறது என்பதைப் பார்த்து அவர்கள் சிரிப்பர். லூயிசா முனையில் பள்ளத்தாக்குக்கு அப்பால் பிரபல்கட் கோட்டை நிற்கும் மலையைக் காணலாம். சார்லட் ஏரியின் கரையில் மரநிழலும், பிசர்நாதர் என்னும் சிவன் கோயிலும் உண்டு. ஊரார் குடிக்கும் நீர் அவ்வேரியினுடையது. ஆகவே அதில் கால் கழுவுதலும் ஆகாது. வடகோடியில் உள்ள பனோரமா முனை பரந்த காட்சி உடையதாயினும், சிறுவரோடு ஒரே நாளில் போய்த் திரும்புவோர்க்குத் தூரம் அதிகம். மாலைச் சூரியனுக்குப் பேர்பெற்ற முள்ளம்பன்றி முனையையும் இரவு தங்குவோர்க்கே விட்டுவிடலாம்.

இம்முனைகளுட் சிலவற்றில் தடுப்புக் கம்பி இல்லை என்பதையும், இருக்குமிடத்திலும் அதன்மேல் சாய்வது தகாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதையில் விட்ட கையை விளிம்பில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நிழலில் அமர்ந்திருக்கும்போது பெரியோர் குழந்தைகளுக்குச் சொல்லத்தக்க வரலாறு ஒன்று இவ்வூரில் உண்டு. 1912-ஆம் ஆண்டில் முடிதிருத்தும் தொழில் செய்த எளிய குடும்பமொன்றில் மாதேரானில் பிறந்தவர் விட்டல் லட்சுமண் கோத்வால். பாய் கோத்வால் என்று மக்கள் அழைத்தனர். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஊர் நகராட்சியின் துணைத் தலைவருமானார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தபோது தலைமறைவாகி, தம் குழுவினரோடு பம்பாய்க்குச் செல்லும் மின்கம்பிக் கோபுரங்களை வீழ்த்தினார். 1943 ஜனவரி 2-ஆம் நாள் சித்தகட் காட்டில் போலீசார் சுட்டதில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு முப்பதே வயது. வெள்ளையர் பெயர் தாங்கிய முனைகளுக்கு நடுவே இப்பெயரையும் நம் பிள்ளைகள் அறிந்து திரும்ப வேண்டாவா?

இம்மலையின் அமைதிக்கு விலை கொடுத்தோரும் உண்டு. மோட்டார் இல்லாத ஊரில் மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா பல்லாண்டு காலம் ஓடியது. மூட்டைகளும் முதியோரும் மேடு பள்ளங்களில் மனிதத் தோளின் வலுவாலேயே சென்றனர். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா 1973-இலேயே ஒழிக்கப்பட்டது. இங்கே அரை நூற்றாண்டு தாமதம். 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், விடுதலை பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வழக்கம் நீடிப்பது மனிதத் தன்மைக்கு ஒவ்வாதது எனக் கண்டித்து, ஆறு மாதத்துக்குள் நிறுத்துமாறும், இழுத்தவர்களுக்கு மின்கல ரிக்‌ஷா அளிக்கும் திட்டம் வகுக்குமாறும் மாநில அரசைப் பணித்தது. மின்கல வண்டி வந்தால் மலையின் அமைதி கெடும் என்று வருந்துவோர் உளர். இழுத்தவனுடைய நெஞ்சுவலியோடு ஒப்பிடும்போது அவ்வருத்தம் எனக்குச் சிறிதாகவே தோன்றுகிறது. நடக்கவியலாத பாட்டியை அழைத்துச் செல்வோர் அத்தகைய வண்டியைத் தயங்காமல் அமர்த்திக்கொள்ளலாம். சுமைகாரரிடம் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது மட்டும் வேண்டா. செலவில்லாத உலாவில் மிச்சப்பட்ட பணம் அதற்கு உதவட்டும்.

உணவைக் கையோடு கொண்டு போவதே நலம். ஆடிப்பெருக்கில் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குச் சென்ற மரபு நம்முடையது. புளியோதரையும் தயிர்சாதமும் மலைமேலும் சுவைக்கும். ஆனால் பொட்டலத்தைக் கையில் ஏந்தி நடந்தால் குரங்கு பறித்துச் செல்லும். பையில் மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே தடை உண்டு. பழைய துணிப்பையும் எவர்சில்வர் தூக்கும் போதும். கடைவீதியில் சிக்கி விற்பர். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தின்று வளர்ந்தவர் அதற்கு மதிப்பெண் குறைத்தே போடுவர் என்பது என் கணிப்பு. தோற்செருப்புக் கடைகளும் பல. தாராவியின் தோல் தொழிலாளர் எவரேனும் உடன் வந்தால், தையலைத் திருப்பிப் பார்த்துத் தரம் கூறிவிடுவார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கடுமை, செம்மண் வழுக்கும், நேரளிலிருந்து மலைரயிலும் வராது. தீபாவளி விடுமுறை தொடங்கிப் பிப்ரவரி வரை குடும்பத்தோடு செல்ல உகந்த காலம். ஞாயிறன்று கூட்டம் மிகுதி. வேறு நாளில் வார ஓய்வு உடையோர் அந்நாளையே தேர்ந்துகொள்க. விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மேலே சேரலாம். மாலை நான்கு மணிக்கெல்லாம் தஸ்தூரியை நோக்கி நடக்கத் தொடங்குவது நன்று. இருட்டிய பின் டாக்ஸியில் இடம் கிடைப்பது கடினம். குழந்தைகளுக்கு வெள்ளைச் சட்டை அணிவிக்க வேண்டா. அந்தச் செம்மண் ஒரு சலவையில் போவதில்லை.