கதவை நாமே தட்டுவோம்



தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் உறவினர் வீட்டில்தான் தங்குவார்கள். அது நம் வழக்கம். ஆனால் எல்லாருக்கும் பட்டணத்தில் உறவினர் இருப்பதில்லை. இருந்தாலும், அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளில் ஏழு பேர் படுத்திருக்கும் இடத்தில், நோயாளியையும் அழைத்துக்கொண்டு போய் நிற்க நமக்கு மனம் வருவதில்லை. அப்போதுதான் தங்கும் விடுதியைத் தேடுகிறோம். ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் சிறு விடுதியைப் பற்றியும், அங்கே இடம் கேட்கும் முறையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

அம்பாங் என்ற பெயர் உங்களுக்குப் புதியதல்ல. 'எம்பாங்' என்ற மலாய்ச் சொல்லுக்கு அணை என்று பொருள். ஈயச் சுரங்கங்களுக்காக நீரைத் தேக்கிய அணைகளே ஊருக்குப் பெயர் தந்தன என்பார்கள். 1857-ஆம் ஆண்டில் ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளர்கள் அங்கே போனார்கள். ஒரே மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். எஞ்சியவர் 18 பேர் மட்டுமே. நோய் மனிதரை வாரிக்கொண்டு போன அதே ஊருக்கு, இன்று நோய் தீர்த்துக்கொள்ள மக்கள் வருகிறார்கள். அம்பாங் மருத்துவமனை இரத்த நோய்களுக்கு நாட்டின் தலைமைச் சிகிச்சை மையமாக விளங்குகிறது. கெடாவிலிருந்தும், பேராக்கிலிருந்தும், ஜொகூரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. நோயாளிக்குக் கட்டில் உண்டு. உடன் வந்தவர் எங்கே தலை சாய்ப்பது?

இந்தக் கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் வந்தது. எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரைச் சிகிச்சைக்காக அம்பாங்கிற்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. கைப்பேசிச் செயலி ஒன்றில் தேடி, ஒரு சிறு விடுதியில் இரண்டு இரவுக்கு இடம் பிடித்தோம். இரவுக்கு 100 வெள்ளி வீதம் 200 வெள்ளியை முன்னதாகவே கட்டிவிட்டோம். புறப்படும் நாளில் பெரியவருக்குக் காய்ச்சல் கண்டது. பயணம் இரண்டு நாள் தள்ளிப் போயிற்று. செயலியில் தேதியை மாற்றப் பார்த்தோம், முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டோம்; கிடையாது என்று பதில் வந்தது. 200 வெள்ளி போயிற்றே என்ற கவலையோடுதான் அம்பாங் போய்ச் சேர்ந்தோம்.

அது கடைவீட்டு மாடியில் ஆறு அறைகள் கொண்ட விடுதி. வரவேற்றவர் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மையார். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தாம். நாங்கள் நடந்ததைச் சொன்னதும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்.

"நீங்கள் கட்டிய பணம் எப்படியும் எனக்கு வந்துசேரும், சார். அறை அந்த இரண்டு நாளும் காலியாகத்தான் கிடந்தது. அதையே இந்த இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்கிறேன். உள்ளே வாங்க," என்றார்.

பிறகு தேநீர் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "விடுதியின் பெயரைப் போட்டுத் தேடினாலே எங்கள் தொலைபேசி எண் வருமே. ஏன் சார், ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்கவில்லை?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையான பதில், கூச்சம் என்பதுதான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எங்களுக்கே, முன்பின் தெரியாத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "அறை என்ன விலை? கொஞ்சம் குறையுமா?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

நேயர்களே, அந்தக் கூச்சத்தின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையத்தில் அறை பிடித்துத் தரும் நிறுவனங்கள் பொதுவாக 15 விழுக்காடோ அதற்கு மேலோ விடுதிக்காரரிடம் தரகு வாங்குகின்றன. 100 வெள்ளி அறையில் 15 வெள்ளி அங்கே போய்விடுகிறது; விடுதிக்காரர் கையில் நிற்பது 85 வெள்ளி. ஆறு அறைகளும் மாதத்தில் இருபது இரவுகள் நிரம்பினால், மொத்தம் 120 இரவுகள். எல்லாம் செயலி வழியாகவே வந்தால் தரகு மட்டும் 1,800 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக, ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கக்கூடிய தொகை அந்தச் சிறு விடுதியை விட்டு மாதந்தோறும் வெளியே போகிறது.

அதே அறையை நேரில் கேட்பவருக்கு 92 வெள்ளிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? நமக்கு 8 வெள்ளி மிச்சம். விடுதிக்காரருக்கு 85-க்குப் பதில் 92 கிடைப்பதால் 7 வெள்ளி கூடுதல். இரண்டு பேருக்கும் ஆதாயம். நேரடியாகப் பேசுவதன் பயன் இந்தச் சிறு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

தரகு என்பது நம் சமூகத்திற்குப் புதிய செய்தி அன்று. நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்த கதையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்திற்குப் போய் ஆள் சேர்த்துவந்த கங்காணிக்கு, கொண்டுவந்த ஒவ்வோர் ஆளுக்கும் தரகு உண்டு. அதோடு, அவருடைய ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசும் உண்டு. கடல் கடக்கத் தெரியாதவருக்கு வழி காட்ட ஒருவர் வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் வழி காட்டியது ஒருமுறை. காசு போனதோ நாள்தோறும். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை இப்படி அனுப்புவதைத் தடை செய்தபோது அந்த ஆள்சேர்ப்பு நின்றது. எனினும், எதையும் நேரில் கேட்காமல் கங்காணி வழியாக, கிராணி வழியாக, மண்டோர் வழியாகக் கேட்கும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலம் தங்கிவிட்டது. தொலைபேசியை எடுக்கும்போது வரும் கூச்சத்திற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறோம்.

அப்படியானால் செயலிகள் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தெரியாத ஊரில் எங்கே விடுதி இருக்கிறது, விலை என்ன, முன்பு தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அவை காட்டுகின்றன. அம்பாங்கிலுள்ள ஆறு அறை விடுதியை அயல்நாட்டுக்காரர் அறிவதும் அவற்றால்தான். அந்த அறிமுகத்திற்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. அறிமுகமான பின்பும், இரண்டாம் முறையும் பத்தாம் முறையும் அதே கூலியைக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வீண். முதல் முறை செயலி வழி காட்டட்டும்; அடுத்த முறை கதவை நாமே தட்டுவோம்.

இந்த வழக்கு உலகமெங்கும் உண்டு. விடுதிக்காரர் தம் சொந்த அறிவிப்பில்கூட செயலியைவிடக் குறைந்த விலை போடக்கூடாது என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு விதித்திருந்தன. பிரான்சு நாடு 2015-இல் சட்டம் இயற்றி, விலையை விடுதிக்காரரே முடிவு செய்யலாம் என்றாக்கியது. அதே ஆண்டில் செர்மனியின் போட்டி ஆணையமும் ஒரு பெரிய நிறுவனத்தின் இத்தகைய கட்டுப்பாட்டைத் தடுத்தது. தன் கடையின் விலையைத் தானே சொல்லும் உரிமைக்காகவும் போராட வேண்டியிருந்தது, பாருங்கள்.

பழைய கோலாலம்பூரில் விடுதித் தொழில் பழகிய முகங்களை நம்பியே நடந்தது. 1921-இல் பத்து ரோட்டில், அதாவது இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில், ஹைனான் சீனர்கள் கொலிசியம் என்ற விடுதியைத் தொடங்கினார்கள். கீழே உணவுக்கடை, மேலே அறைகள். தோட்டத் துரைமார்களும் ஈயச் சுரங்கக்காரர்களும் பட்டணம் வந்தால் அங்கே கூடுவார்கள். வந்தவரே திரும்பவும் வருவதுதான் அத்தகைய கடையின் முதல். நம் பாட்டன்மார் அந்த வாசலை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று நாம் விருந்தினராகவும் போகலாம், விடுதிக்காரராகவும் ஆகலாம்.

ஆம், விடுதிக்காரராகவும் ஆகலாம். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன குடும்பங்கள் சில இத்தொழிலில் இறங்கியிருக்கின்றன. அம்பாங் அம்மையார் வீட்டில் வேலை பங்கிடப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தோம். கணவர் குழாய், மின்விளக்கு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறார். மாமியார் நோயாளிக்கு வேண்டுமென்றால் கஞ்சியும் இரசமும் வைத்துத் தருகிறார். மகன் கணக்கு எழுதுகிறான். ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் தேதி, மேலே அறை எண். தொலைபேசியில் வந்தாலும், செயலியில் வந்தாலும், உடனே கட்டத்தில் பெயர் எழுதிவிட வேண்டும். எழுதத் தவறினால் ஒரே அறையை இருவருக்குக் கொடுத்த பழி வந்து சேரும். நகராண்மைக் கழகத்தின் உரிமம் வேண்டும். தீயணைப்புக்கான ஏற்பாடு வேண்டும். தங்குபவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிவேட்டில் எழுத வேண்டும். குடும்பத் தொழில்தானே என்று இவற்றில் அலட்சியம் காட்டக்கூடாது.

நேரில் வருபவரை எப்படிச் சேர்ப்பது? புறப்படும் விருந்தினரிடம் ஒரு சிறு அட்டையைக் கொடுத்து, "அடுத்த முறை எங்களையே கூப்பிடுங்கள், விலை குறைத்துத் தருகிறோம்," என்று சொல்வதே போதும். ஆனால் கூப்பிடும்போது எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும். செயலி தூங்குவதில்லை, மணி அடித்தும் எடுக்காத விடுதிக்காரர், வந்த விருந்தினரைத் தாமே செயலியிடம் திருப்பி அனுப்புகிறார்.

இனி, இடம் கேட்கும் நாம் செய்ய வேண்டியது என்ன? தொலைபேசியில் நான்கு செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை பேர், எத்தனை இரவு, எதற்காக வருகிறோம். மருந்து வைக்கக் குளிர்ப்பெட்டி வேண்டுமா, படி ஏற முடியாதவர் உண்டா என்பதையும் சொல்லுங்கள். பிறகு விலையைக் கேளுங்கள். நாள் மாறினால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி 2017 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது, அது அயல்நாட்டினருக்கே. குடிமக்களுக்கும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. எனவே அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

எச்சரிக்கையும் தேவை. முன்பணம் கேட்டால் சிறு தொகை மட்டும் கொடுங்கள், இரசீது கேளுங்கள். விடுதியின் பெயர் ஒன்றும் வங்கிக் கணக்கின் பெயர் வேறொன்றுமாக இருந்தால், விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். விடுதியோடு வழக்கு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே, 5 வெள்ளி கட்டணத்தில் அங்கே பதியலாம்.

அதற்குப் பிறகு அந்தப் பெரியவரோடு நான்கு முறை அம்பாங் போய்வந்தோம். நான்கு முறையும் நாங்களே தொலைபேசியில் பேசினோம். ஒருமுறை நாள் மாறியது. "சரி சார், அழித்துவிட்டு வெள்ளிக்கிழமையில் எழுதிவிடுகிறேன்," என்றார் அம்மையார். அவ்வளவுதான் விஷயம். நான்காம் முறை எங்களுக்குப் பதிலாகப் பேசியவர் அந்தப் பெரியவர்தான். ஆயுள் முழுவதும் யார் மூலமாகவோ கேட்டே பழகிய அவர், "அம்மா, நான்தான் பேசுகிறேன், எனக்கு ஓர் அறை வேண்டும்," என்று உரக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை பட்டணம் போகும்போது நீங்களும் கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பேச விடுங்கள்.