காத்திருக்கும் செவி

குறுந்தொகையின் 138ஆம் பாடல் கொல்லன் அழிசி பாடியது. ஊரெல்லாம் உறங்கிய பின்பும் விழித்திருப்போருக்கு, வீட்டயலிலே நொச்சிப்பூ உதிரும் ஓசை கேட்கிறது அதிலே. பூ உதிர்வது கேட்குமா? காத்திருக்கும் செவிக்குக் கேட்கும்.

தெமட்டகொடையிலே நள்ளிரவில் புகையிரத எஞ்சின் உறுமினாலும் நாம் விழிப்பதில்லை. குளிரிலே கூரைத்தகரம் சுருங்கி 'டக்' என்றால் எழுந்து உட்காருகிறோம். பேய்க்கு அஞ்சியா? அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி, விடியுமுன்பே கொழும்பு விடுதிகளின் கதவுகள் தட்டப்பட்டன. தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆயினும் செவி அதனை மறக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, இரவிலே அயலவர் கதவைத் தட்ட நேர்ந்தால், முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிறகு தட்டுங்கள்.