ரமணனும் மெஹ்பூபும்



1936 ஜூலையில் இடப்பள்ளி ராகவன் பிள்ளை என்ற மலையாளக் கவிஞர் கொல்லத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. ஏழை, வசதியான வீட்டுப் பெண்ணைக் காதலித்தவர். அவருடைய தோழர் சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளைக்கும் ஊர் இடப்பள்ளிதான். அந்தத் துக்கத்திலிருந்து அதே ஆண்டில் பிறந்தது சங்ஙம்புழவின் 'ரமணன்' என்ற காவியம். இடப்பள்ளி இன்று கொச்சி நகரத்துக்குள் அடங்கிவிட்டது. அங்கே மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கே 'சங்ஙம்புழ பார்க்' என்று பெயர்.

ரமணன் ஒரு கற்பனாவாதக் காவியம். கற்பனாவாதம் என்றதும் கதே, வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி என்று ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறோம். நம் பாரதியும் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர்தான். கீட்ஸ் இறந்தபோது ஷெல்லி 1821இல் 'அடோனெய்ஸ்' பாடினார். இறந்த கவிஞனை இடையனாக உருவகித்து அழுவது அங்கே பழைய மரபு. சங்ஙம்புழ அந்த மரபைத்தான் கையில் எடுத்தார். ராகவன் பிள்ளை ரமணன் என்ற ஆட்டிடையன் ஆனார். தென்னையும் காயலுமான கேரளக் கரையில் ஆட்டிடையன் எங்கிருந்து வந்தான் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் முல்லைத்திணையும் ஆயர் குழலும் பழகிய தமிழ்க் காதுக்கு அவனுடைய காடும் மலையும் அந்நியமாகப் படாது.

ரமணனின் பலம் அதன் ஓசை. உடை வெளிநாட்டுடையதாக இருக்கலாம், மெட்டு மலையாள மண்ணின் மெட்டு. ஒரு முறை காதில் விழுந்தால் நாக்கு தானாகப் பாடத் தொடங்கிவிடும். கெடாமங்கலம் சதானந்தன் அதைக் கதாபிரசங்கமாக மேடை மேடையாகக் கொண்டுபோனார். நம் ஊர் வில்லுப்பாட்டையும் கதாகாலட்சேபத்தையும் போல அதுவும் கூட்டம் கூட்டிக் கதை சொல்லும் கலை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் ரமணனை மனப்பாடமாகச் சொன்னார்கள். புத்தகத்தில் மட்டும் தங்கியிருந்தால் அது இத்தனை வாய்களுக்குப் போயிருக்காது.

குறையும் உண்டு. காவியம் முடியும்போது பழியின் பெரும்பங்கு காதலி சந்திரிகாவின் தலையில் விழுகிறது. சாவை அழகுபடுத்திக் காட்டும் இடங்களும் இருக்கின்றன. அவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. இளம் வயதில் படிப்பவர்களிடம் இதைச் சொல்லித்தான் புத்தகத்தைக் கொடுப்பேன். ஆனால் இதே சங்ஙம்புழதான் 'வாழக்குல' எழுதினார். புலையர் ஒருவர் நட்டு வளர்த்த வாழைத்தாரை நிலவுடைமையாளர் வெட்டிக்கொண்டு போகும் கதை அது. குழந்தைகள் ஆசையோடு பார்த்துக் காத்திருந்த தார். தன் காதலுக்காக அழுத மனம் அடுத்தவர் பசிக்காகவும் அழுதது. என் கணக்கில் அதுதான் கற்பனாவாதத்தின் உயர்ந்த நிலை. காசநோய் அவரை 1948இல், 36 வயதில் கொண்டுபோயிற்று.

அந்த இசைமொழி அவரோடு போய்விடவில்லை. கவிஞர் பி. பாஸ்கரன் அதைத் திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1954இல் வந்த 'நீலக்குயில்' படத்தில் அவர் எழுதி, கே. ராகவன் இசையமைத்த ஒரு காதல் பாட்டைப் பாடியவர் மெஹ்பூப். போர்ட் கொச்சிக்காரர், கல்யாண வீடுகளிலும் நண்பர்களின் மெஹ்ஃபில் என்னும் இசைக்கூடல்களிலும் பாடிப் பாடியே பேர் எடுத்தவர். உன்னை மான் என்றும் சொல்லமாட்டேன், மயில் என்றும் சொல்லமாட்டேன் என்கிறான் அந்தப் பாட்டின் காதலன். மெஹ்பூப் பாடும்போது கொஞ்சலும் குறும்பும் சேர்ந்தே வருகின்றன. ரமணனுக்கு வாய்க்காத சிரிப்பு இவனுக்கு வாய்த்திருக்கிறது. காதல் மலையுச்சியிலிருந்து இறங்கி, கொச்சியின் மட்டாஞ்சேரிச் சந்துக்குள் நடமாடத் தொடங்கியது போல எனக்குக் கேட்கிறது.

மெஹ்பூபுக்குத் தபேலா வாசித்து வளர்ந்தவர் உம்பாயி. பிறகு மும்பையில் இந்துஸ்தானி கற்று, ஊர் திரும்பி, கவிஞர் ஓ.என்.வி. குறுப்பின் சொற்களை மலையாள கஜல்களாகப் பாடினார். 2018இல் மறைந்தார். அவருடைய பாட்டில் தவிப்பு இருக்கும், புலம்பல் இருக்காது.

ரமணனை அறிய மலையாள எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1967இல் அது படமாக வந்தது; இசை அதே கே. ராகவன்தான். முதலில் அந்தப் பாடல்கள், அடுத்து மெஹ்பூப், கடைசியில் உம்பாயி. இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.