திரும்பாத பார்வை
(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளியவன். இன்று நோயாளி என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

எங்கள் பாட்டிக்கு 1960களில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. தலையை அசைக்காமல் பல நாள் படுக்கை. பிறகு ஆயுள் முழுதும் சோடாபுட்டிக் கண்ணாடி. அதே ஆபரேஷனுக்குக் காலையில் போன என் மனைவி, சாயங்காலம் விளக்கேற்ற வீட்டில் இருந்தாள். இது தானாக வந்த மாற்றமல்ல. 1976-ல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதிச் சரக்காக இருந்தவரை ஏழைக்கு எட்டவில்லை. 1992-ல் அவர்களே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் வைத்துச் செய்யத் தொடங்கியபின் விலை சரிந்தது. இன்று அந்த லென்ஸ்கள் நூறு நாடுகளுக்கு மேல் போகின்றன. சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் நிலையம் பற்றியெல்லாம் விரித்தால் நேரம் போதாது.

2015-19 சர்வேயில் பார்வையற்றவர்கள் நூற்றுக்கு 0.36. முன்பு 1 என்றிருந்தது. இடையில் வரையறையும் மாறியதால் இறக்கம் முழுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். புள்ளிவிவரங்களோடு உழன்றவன் சொல்கிறேன். ஆனாலும் நல்ல இறக்கம்தான்.

புரையை எடுத்தால் பார்வை திரும்பும். திரும்பாத நோய் ஒன்று உண்டு: கிளௌகோமா. கண்ணுக்குள் ஒரு திரவம் சதா ஊறி வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் சரியில்லையென்றால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். சிலருக்கு அழுத்தம் ஏறாமலும் வருவதுண்டு. பெரும்பாலும் வலி கிடையாது. முதலில் ஓரப் பார்வை போகும். நேர்ப் பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகளில், இந்நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை அறியாமலே இருந்தார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். பன்னிரண்டு வருஷம் கடையில் கண்ணாடி நம்பர் மட்டும் பார்த்துக்கொண்டேன். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவேன். அதில் பெருமை வேறு. 68 வயதில் ஒரு நாள் இடப்பக்கம் வந்த சைக்கிள் தெரியாமல் மோதிக்கொண்டேன். பரிசோதித்தபோது இடது கண்ணில் ஏறக்குறைய பாதி போயிருந்தது.

"கூடப்பிறந்தவர்கள் உண்டா?" என்று டாக்டர் உடனே கேட்டார். இது குடும்பத்தில் ஓடும் நோய். புனேயில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். "எனக்கு நன்னாத் தெரியறதே அண்ணா" என்றான். "எனக்கும் தெரிஞ்சுதுடா" என்றேன். மறுவாரமே போனான். ஆரம்ப நிலை, சொட்டு மருந்தில் இதுவரை மேலே போகாமல் நிற்கிறது.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கு கொண்டன. கிளௌகோமா அவ்வளவு சுலபமாகச் சிக்குவதில்லை. அழுத்தம், நரம்பு, பார்வைப் பரப்பு மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முகாம் போட்டு ஒரே நாளில் முடிகிற வேலையல்ல.

நாற்பது தாண்டியவர்கள் இம்மூன்றையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். ஸ்கூட்டரில் திரும்ப முடியாது. துணைக்கு ஆள் இல்லாதவர்கள் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள். புதன்கிழமைகளில் எனக்கு வேறு ஜோலி இல்லை. ஆட்டோவில் நானே கூட வருகிறேன்.