குளிர்நாட்டு வாழ்வும் நம் இளைஞர் கற்க வேண்டியனவும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், அயல்நாட்டு வாழ்க்கை பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். நம் பிள்ளைகளுள் பலர் இன்று கடல் கடந்து செல்ல விரும்புகின்றனர்; சிலர் சென்றும் விட்டனர். விமானச் சீட்டு வாங்கித் தர ஆள் உண்டு. அங்கே சென்று வாழும் முறையைச் சொல்லித் தர ஆள் குறைவு. எம் மகள் ஜெர்மனி நாட்டில் ஸ்டுட்கார்ட் நகரில் பொறியாளராகப் பணியாற்றுகிறாள். துறையின் முன் அனுமதி பெற்று, 2024 டிசம்பரிலும் 2025 சனவரியிலுமாக ஆறு வார காலம் நாம் அங்குத் தங்கினோம். கண்டவற்றுள் நம் இளைஞர்க்குப் பயன்படுவனவற்றை மட்டும் எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, குளிர். நம் மார்கழிப் பனியை மட்டுமே அறிந்தவர்க்கு அந்நாட்டுக் குளிரை எண்ணிப் பார்ப்பதும் கடினம். டிசம்பர் இறுதியில் அங்கே காலை எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுவான். மாலை நாலரை மணிக்கெல்லாம் மறைந்து விடுவான். வேலைக்குச் செல்வோர் இருளில் புறப்பட்டு இருளிலேயே வீடு திரும்புகின்றனர். ஒரே தடித்த கம்பளியைப் போர்த்திக் கொண்டால் குளிர் போகாது. உடலை ஒட்டிய மெல்லிய உடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக உடுத்த வேண்டும். அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்றே உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று பள்ளியில் படித்த பாடம் அங்கே உயிர் காக்கும் பாடமாகிறது.

வீட்டிற்குள் சுவரோரம் பொருத்திய தகடுகளில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிறது. ஆனால் சன்னலை மூடியே வைத்திருந்தால், சமையல் ஆவியும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். ஆகையால் கடுங்குளிரிலும் நாள்தோறும் இரண்டு மூன்று முறை சன்னல்களை அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்றி, மீண்டும் மூடுகின்றனர். சோறு வடித்துக் குழம்பு தாளிக்கும் நம்மவர் வீட்டிற்கு இது இன்னும் மிகுதியாகத் தேவை.

அடுத்து, ஒழுங்கு. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்திற்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைக்காதவர் மறுநாள் திண்டாடுவர். இரவு பத்து மணிக்கு மேல் அண்டை வீட்டார் உறக்கம் கெடும்படி ஒலி எழுப்பலாகாது. தாள், உணவுக் கழிவு, பொதிகை உறைகள், எஞ்சிய குப்பை எனத் தனித்தனித் தொட்டிகள் உண்டு. வெற்று நெகிழிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கும்போது செலுத்திய 25 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் விட நம் நெஞ்சைத் தொட்டது ஒன்று உண்டு. அதுவே இவ்வுரையின் உயிர்.

ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள வூர்ட்டம்பெர்க் பகுதியில் ‘கேர்வோகெ’ என்றொரு வழக்கம் உள்ளது. ‘பெருக்கும் வாரம்’ என்பது அதன் பொருள். பல குடும்பங்கள் வாழும் வீட்டில் மாடிப்படி, நிலவறை, முற்றம், வாசலை ஒட்டிய நடைபாதை ஆகியவற்றைப் பெருக்கித் துடைக்கும் பணி, வாரம் ஒரு குடும்பமாக முறை வைத்து வருகிறது. எவர் முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். வேலை முடிந்து வாரம் கழிந்ததும் அவர் அப்பலகையை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார். ஊரைத் தூய்மையாக வைக்குமாறு குடிகளுக்கு 1492-ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்டில் பிறப்பித்த ஆணையிலிருந்து இவ்வழக்கத்தின் வேரைக் காட்டுகின்றனர். நகராட்சி விதியாக இருந்தது 1988-இல் நீங்கிய பின்னும், வாடகை ஒப்பந்தங்களின் வழியாக இன்றும் நிலைத்துள்ளது.

எம் மகள் வாழும் வீட்டில் ஆறு குடும்பங்கள். மருத்துவர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் என்று பலரும் உளர். பலகை எல்லார் கதவிற்கும் வந்தது. எல்லார் கையும் துடைப்பத்தைத் தொட்டது. வெண்பனி கொட்டிய நாளில் முறைக்குரியவர் காலை ஏழு மணிக்கு முன்பே எழுந்து, நடைபாதைப் பனியை வாரி ஒதுக்கி, வழுக்காதிருக்க மணலோ பொடிக்கல்லோ தூவ வேண்டும். செய்யாமல் விட்டு வழிப்போக்கர் வழுக்கி விழுந்தால் இழப்பீடு கொடுக்க நேரிடும். ஒரு வாரம் பலகை எம் மகள் கதவில் தொங்கிற்று. விடியுமுன் அவளும் நாமும் பனிவாரும் மண்வெட்டியோடு வாசலில் நின்றோம். தெருவில் சென்ற ஒருவரும் எம்மை ஏற இறங்கப் பார்க்கவில்லை. “காலை வணக்கம்” என்று சொல்லிச் சென்றனர்.

இளைஞர்களே, இதன் பொருளை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. துடைப்பம் என்னும் பொருள் நம் நாட்டில் எவர் கையில், எத்தனை தலைமுறையாக, யாரால் திணிக்கப்பட்டது என்பதை நம் பாட்டன்மார் அறிவர். பெருக்கும் வேலையில் இழிவு இல்லை; அதைப் பிறப்போடு கட்டி, ஒரு சாராரிடமே விட்டு, மற்றவர் விலகி நின்றதில்தான் இழிவு உள்ளது. முறை வைத்து வந்தால் அது வேலை. பிறப்பை வைத்து வந்தால் அது விலங்கு.

அந்நாடு குறையற்ற நாடு என்று நாம் சொல்லவில்லை. அயல்நாட்டுப் பெயரைக் கண்டதும் வாடகைக்கு வீடு தர மறுப்போர் அங்கும் உளர். அலுவலகங்களைத் துப்புரவு செய்வோருள் வேற்று நாடுகளிலிருந்து வந்த ஏழைகளே பலர். மேலும், நம்மவர் கடல் கடந்தும் சாதியைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போகின்றனர். இந்தியக் குடும்பங்கள் கூடிய ஒரு விருந்தில், “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?” என்று ஒருவர் எம்மை வினவினார். தெருவைக் கேட்பதன் உட்பொருளை நாம் அறிவோம். தெருவின் பெயரை உரக்கவே சொன்னோம். வெளிநாடுவாழ் இந்தியரிடையே இந்நோய் பரவியிருப்பதனாலேயே, அமெரிக்காவில் சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. ஆகவே, செல்லும் இளைஞர் தம் ஊரையும் பெற்றோரையும் மறைத்து வாழ நினைக்க வேண்டா. மறைப்பவர்க்கு எந்நாளும் அச்சமே.

இனிக் குளிர்காலப் பயணம் பற்றிச் சிறிது. மாதச் சீட்டு ஒன்றால் நாடெங்கும் உள்ளூர், வட்டாரத் தொடர்வண்டிகளிலும் பேருந்துகளிலும் செல்லும் திட்டம் அங்கே 2023 மே மாதம் 49 யூரோ விலையில் தொடங்கிற்று. நாம் அங்கிருந்த நாள்களிலேயே, 2025 சனவரி முதல், 58 யூரோ ஆயிற்று. விரைவு வண்டிகளுக்கு அச்சீட்டு செல்லாது. நிலையத்தில் தடுப்புக் கதவுகள் இல்லை. ஆயினும் சீட்டின்றிப் பிடிபட்டால் 60 யூரோ தண்டம். வண்டிக் கதவு தானே திறக்கும் என்று காத்து நிற்கலாகாது. உள்ளிருக்கும் சூடு வெளியேறாதிருக்க, தேவைப்படுவோரே பொத்தானை அழுத்தித் திறந்து கொள்கின்றனர். ஜெர்மானியர் நேரம் தவறாதவர் என்று படித்திருக்கிறோம். வண்டிகள் அப்படி அல்ல. 2024-இல் நெடுந்தொலைவு வண்டிகளுள் 62.5 விழுக்காடே உரிய நேரத்தில் வந்தன. எனவே குளிர்காலத்தில் இணைப்பு வண்டியை நம்பிப் புறப்படுவோர் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக் கொள்வது நன்று. சீருந்து வைத்திருப்போர் வெண்பனிச் சாலையில் குளிர்காலச் சக்கரமின்றி ஓட்டலாகாது என்பதும் சட்டம்.

டிசம்பர் இறுதியில் ஒரு நாள் நகரத் தொடர்வண்டியில் ஏறி, லியோன்பெர்க் வழியாக வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். வழியெங்கும் வயல்களும் கூரைகளும் வெண்பனி மூடிக் கிடந்தன. அவ்வூரில்தான் வானியல் அறிஞர் யோகன்னஸ் கெப்ளர் 1571 டிசம்பர் 27 அன்று பிறந்தார். கோள்கள் நீள்வட்டப் பாதையில் கதிரவனைச் சுற்றுகின்றன என்ற அவரது விதியை நம் மாணவர் அனைவரும் படிக்கின்றனர். இளமையில் கண்ட அம்மையால் பார்வை குன்றியவர் அவர். குடும்பம் வறுமையுற்றது, தந்தை கூலிப்படையில் சேர்ந்து சென்று விட்டார். அந்நாட்டுக் கோமகன் அளித்த உதவித்தொகையே அவரை ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் வரை கொண்டு சேர்த்தது. வெண்பனித் துகள் ஏன் எப்போதும் ஆறு முனைகளோடு விழுகிறது என்று கேட்டு 1611-இல் ஒரு சிறு நூலும் எழுதினார்.

ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு. லியோன்பெர்க்கில் வாழ்ந்த அவருடைய தாய் கத்தரீனா மூலிகை அறிந்த கைம்பெண். 1615-இல் அண்டை அயலார் அவரைச் சூனியக்காரி என்று பழி சுமத்தினர். 1620-இல், எழுபது வயது கடந்த அவரைச் சிறையிலிட்டுச் சங்கிலியால் பிணைத்தனர். மகனோ பேரரசரின் கணித அறிஞர். லின்ஸ் நகரில் பெருமையோடு வாழ்ந்தவர். ‘தாய்க்கு வந்த பழி நம் பதவியைக் கெடுக்கும்’ என்று அவர் ஒதுங்கவில்லை. ஆய்வுகளை விட்டு விட்டு ஊர் திரும்பினார். சாட்சிகளின் முரண்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி வழக்காடினார். 1621-இல் தாய் விடுதலை பெற்றார். விண்மீனை ஆராய்ந்த அதே அறிவு, ஊரார் இழிவுபடுத்திய ஒரு முதியவளைச் சாவிலிருந்து மீட்டது. கல்வியின் பயன் இதற்கு மேல் என்ன?

நம் அண்ணல் அம்பேத்கரும் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்றார். பின்னர் இலண்டனில் பயின்றார். 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்து கொண்டார். பெற்ற பட்டங்களை அவர் தமக்கென வைத்துக் கொள்ளவில்லை என்பதை நாம் அறிவோம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. எனினும் ஸ்டுட்கார்ட் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெற்று வருகிறது. மாணவர் விசாவிற்கு ஓராண்டுச் செலவுத் தொகையை முன்னரே வங்கியில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆக்கப்பட்டது. இத்தொகை கண்டு மலைக்க வேண்டா. நடுவணரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள் உண்டு; அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு உரியவை. தமிழக அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. இவற்றின் விதிகளையும் இறுதி நாளையும் முன்கூட்டியே அறிந்து, சான்றிதழ்களை ஆயத்தமாக வைத்திருங்கள். அந்நாட்டு மொழியை இங்கேயே கற்கத் தொடங்குங்கள். ஆண்பிள்ளைகள் சோறாக்கவும் துணி துவைக்கவும் வீடு பெருக்கவும் பழகிச் செல்லுங்கள். அங்கே அவற்றைச் செய்து தரத் தாயும் இல்லை, தங்கையும் இல்லை.

முடிவாக, சென்றவர்க்கும் செல்ல இருப்பவர்க்கும் ஒரு வேண்டுகோள். இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியும் முறை வைத்து வந்த பணியே. கூலி வேலை செய்து கொண்டே இரவுப் பள்ளிக்கு விளக்கெண்ணெய் வாங்கித் தந்த பெரியோர் தம் முறையை முடித்துச் சென்றனர். இன்று அப்பலகை படித்து வேலை பெற்றவர் வீட்டுக் கதவில் தொங்குகிறது. நமக்கு அடுத்துப் புறப்படும் ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தையோ மொழி வகுப்புச் செலவையோ ஏற்பது நம் முறை. அதைக் கொடை என்று எண்ண வேண்டா, கடமை என்று எண்ணுங்கள்.

சங்கம் பொன்விழாவும் காண்க! நம் பிள்ளைகள் கற்று உயர்க!