இயலாமை ஓய்வூதியமா, முன்கூட்டிய ஓய்வூதியமா?

(ஜமாஅத் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைத்து உடல் தளர்ந்த நம் மஹல்லாவாசிகள் பி.எஃப். தாள்களோடு நம்மிடம் ஆலோசனை கேட்டு வருகின்றனர். பெரும்பாலோர் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டே வருகின்றனர். ஆகவேதான் இதனை இங்குப் பேச நேர்ந்தது.

1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், 58 வயதுக்கு முன்பே ஓய்வூதியம் பெற இரு வழிகள் உள்ளன. பத்தாண்டுப் பணி முடித்து வேலையை விட்டவர், 50 வயது முதல் முன்கூட்டிய ஓய்வூதியம் பெறலாம். 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு கழிக்கப்படும். அக்கழிவு 58 வயதானபின் திரும்புவதில்லை. மற்றொன்று, பணியில் இருக்கும்போதே நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாதவராகிவிட்டவருக்கு உரியது. இதற்குப் பத்தாண்டு நிபந்தனையும் இல்லை, வயதுக் கழிவும் இல்லை. ஆயினும் தாம் செய்துவந்த வேலைக்கு இனி முற்றிலும் தகுதியற்றவர் என்பது மருத்துவப் பரிசோதனையில் உறுதியாக வேண்டும்.

"பணியில் இருக்கும்போதே" என்பதைக் கவனியுங்கள். முடங்கியவர் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னர் அதனை நிறுவுவது பெரும்பாடாகிவிடும்.

ஒருவருக்குக் கணக்கிடப்பட்ட ஓய்வூதியம் மாதம் 3000 ரூபாய் என்று கொள்வோம். அவர் 55 வயதில் முன்கூட்டிப் பெற்றால் கிடைப்பது ஏறத்தாழ 2650. மாதம் 350 குறைகிறது. ஆனால் 58 வரை காத்திருப்பவர் பெறாத 36 மாதத் தொகை, ஏறத்தாழ 95,000 ரூபாய், இவர் கைக்கு வந்துவிடுகிறது. காத்திருந்தவர் அதனை ஈடுகட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே வேறு வருவாய் இல்லாதவர் முன்கூட்டிப் பெறுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். இயலாமை ஓய்வூதியத்திற்குத் தகுதியுள்ளவர் அறியாமையால் அதை விட்டு இதைக் கேட்பதுதான் வீண் இழப்பு. அதே 55 வயதிலேயே முழு 3000மும் அவருக்குக் கிடைத்திருக்கும்.

மனைவியின் நிலையும் இதில் அடங்கியுள்ளது. ஓய்வூதியம் பெற்றுவருபவர் மரணித்தால், அன்று அவர் பெற்றுவந்ததில் பாதியே விதவைக்குரியது. முழு ஓய்வூதியமாயின் 1500. கழிவுக்குட்பட்டதாயின் ஏறத்தாழ 1325. கணவரைவிடப் பத்து வயது இளையவர் அந்தக் குறைவோடு எத்தனை ஆண்டுகள் காலந்தள்ள வேண்டுமோ! அப்படியிருக்க, இந்தத் தாளை மனைவியிடம் காட்டாமலேயே கையொப்பமிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. குடும்பக் காரியத்தில் மஷூரா செய்வது சுன்னத் என்று மேடையில் மட்டும் சொல்லிப் பயனென்ன?

மனைவியும் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்தால் அவருக்குத் தனிக் கணக்கு இருக்கும். அவருடைய சம்பளத்தில் சிலகாலம் குடும்பம் நடக்குமாயின், கணவர் 58 வரை பொறுத்திருப்பதும் இயலும்.

பணம் கொடுத்து மருத்துவச் சான்று வாங்கலாமா என்று கேட்போரும் உளர். அது பொய்ச்சாட்சி, அவ்வருவாய் ஹலாலாகாது. இதில் நம்மிடம் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு ஓய்வூதியத்திற்கும் விண்ணப்பம் 10-டி படிவம்தான். எவ்வகை ஓய்வூதியம் என்பதை அதில் குறிப்பிட வேண்டும். நிரப்பத் தெரியாதோர் மஃரிபுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு வரலாம். தம்பதியராகவே வாருங்கள், ராஜினாமா எழுதுமுன் வாருங்கள்.